எலியாவுக்குத் திறந்த கதவு: ‘தி டெவில்ஸ் அரித்மெட்டிக்’ புத்தகமும் படமும்

முதலில் ஒன்று, முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை இனித்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் வாசித்துவிட்டு வாருங்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் சனிக்கிழமைகளில் தரம் 9, 10 பிள்ளைகளோடு ஒரு சின்ன வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். போன மாதம் அவர்களுக்கு 1999இல் வந்த ‘தி டெவில்ஸ் அரித்மெட்டிக்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். கனடாவில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த டிவிடி. ஜன்னலுக்கெல்லாம் படுக்கை விரிப்பைக் கட்டி, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்து, தமிழில் எழுத்து ஓடாதபடியால் இடைக்கிடை நிறுத்தி நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றரை மணித்தியாலச் சொச்சப் படம் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் புத்தகம் எனக்கு வெறும் புத்தகம் இல்லை.

2005இல், சுனாமிக்குப் பிறகு, எங்கள் பாடசாலைக்குப் பெட்டி பெட்டியாக ஆங்கிலப் புத்தகங்கள் வந்தன. யாரோ எங்கேயோ வாசித்து முடித்துக் கொடுத்தவை. அதில் அட்டை கிழிந்த ஒன்றுதான் ஜேன் யோலன் 1988இல் எழுதிய இந்த நாவல். எனக்கு அப்போது பதினைந்து வயது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் என்று வாசித்தேன், அப்புறம் அகராதி இல்லாமல், அப்புறம் எத்தனை தரம் என்று கணக்கே இல்லை. 

கதை இதுதான். நியூயோர்க் பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று வயது ஆகப்போகிற யூதப் பெண் ஹன்னா. பாஸ்காப் பண்டிகை விருந்துக்குக் குடும்பத்தோடு தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிறாள். போகவே விருப்பமில்லை. அவள் அம்மாவிடம் சொல்லும் முதல் பேச்சே, நினைவு வைத்திருந்து அலுத்துப் போய்விட்டது என்பதுதான். தாத்தா நாசிகளின் வதைமுகாமில் கையில் இலக்கம் குத்தப்பட்டவர், தொலைக்காட்சியில் முகாம்களின் பழைய காட்சி வந்தால் கத்தத் தொடங்கிவிடுவார். சின்ன வயதில் ஹன்னா அவரைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத் தன் கையிலும் பேனாவால் இலக்கம் எழுதிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள், அதற்கு அவர் போட்ட சத்தத்தை அவள் மறக்கவே இல்லை. அன்று இரவு விருந்தில், எலியா தீர்க்கதரிசி வருவார் என்று வாசல் கதவைத் திறந்துவைக்கும் வழக்கப்படி, கதவைத் திறக்க அவளை அனுப்புகிறார்கள். திறக்கிறாள். மாடிவீட்டு நடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வயல் தெரிகிறது. 1942, போலந்து. அங்கே எல்லோரும் அவளை ஹாயா என்று கூப்பிடுகிறார்கள்.

மிச்சத்தை ஊகித்திருப்பீர்கள். ஒரு கல்யாணத்துக்குப் போன கிராமம் முழுவதையும் ஜெர்மன் படை லொறியில் ஏற்றி, ரயில் பெட்டியில் அடைத்து, முகாமுக்குக் கொண்டுபோகிறது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஹன்னாதான். நாசிகள் கொன்ற யூதர் அறுபது லட்சம் பேர் என்கிற எண்ணிக்கை வரைக்கும் அவளுக்குத் தெரியும். சொல்கிறாள், ஒருவரும் நம்பவில்லை.

பதினைந்து வயதில் இது ஏன் என்னை அப்படிப் பிடித்தது என்றால், எங்கள் வீட்டிலும் நினைவு வைத்து அலுத்துப்போன பிள்ளையாக நான்தான் இருந்தேன். அம்மம்மாவுக்கு இரண்டு கதைகள். ஒன்று 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி, ஓடு பறந்தது, தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தது. மற்றது தொண்ணூறு, 1990, போரில் ஆட்கள் காணாமற்போன வருடம். மட்டக்களப்பில் தொண்ணூறு என்றால் விளக்கம் தேவையில்லை. மாமா ஒருவர் அந்த வருடம் வீட்டிலிருந்து போனவர் திரும்பி வரவில்லை. அம்மம்மா சாகும்வரை இரவில் முன்கதவுக்குக் கொண்டி போடவில்லை. சும்மா சாத்தி வைப்பா. கள்ளன் வருவான் என்று நாங்கள் சத்தம் போட்டால், “இரிக்கட்டும் மகள், அவன் வந்து தட்டிட்டு நிக்கக் கூடாது” என்பா. நான், “இதை நூறு தரம் சொல்லிட்டீங்க அம்மம்மா” என்று எழும்பிப் போய்விடுவேன். அந்த ஆள்தான் நான். ஹன்னா கதவைத் திறந்த பக்கத்தை முதல்தரம் வாசித்தபோது எனக்குக் கை குளிர்ந்தது உண்மை.

சரி, படத்துக்கு வருவோம்.

டொனா டைச் இயக்கியது, அமெரிக்காவில் ஷோடைம் என்ற கேபிள் தொலைக்காட்சிக்காக எடுத்தது. தயாரிப்பில் டஸ்டின் ஹொஃப்மனும் இருக்கிறார். ஹன்னாவாக கிர்ஸ்டன் டன்ஸ்ட், பிறகு ஸ்பைடர்மேன் படங்களில் வந்தாரே, அவர்தான். முகாமில் ஹன்னாவோடு இருக்கும் ரிவ்காவாக பிரிட்டனி மர்பி, 2009இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார், அந்த முகத்தைத் திரையில் பார்க்கும்போது அதுவும் சேர்ந்து நெஞ்சை அழுத்துகிறது. ஹன்னாவின் குடும்பத்து ஏவா அத்தையாக லூயிஸ் பிளெட்சர். நடிப்பில் குறையே சொல்ல மாட்டேன். குறிப்பாக மர்பி. மூச்சு இளைத்துக்கொண்டும் சிரிக்கப் பார்க்கிற ஒரு முகம் அது, முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் கடைசி அரை மணித்தியாலம் அசையவே இல்லை.

ஆனால் தொடக்கத்திலேயே படம் ஒன்றை மாற்றிவிட்டது, எனக்கு இன்னும் சமாதானம் ஆகாத மாற்றம் அது. படத்தில் ஹன்னா வயது கூடினவள், சிநேகிதர்களோடு பச்சை குத்தும் கடையில் நிற்கிறாள். புத்தகத்தில் பேனாவால் எழுதிய இலக்கம் இருந்த இடத்தில் படம் இந்தக் கடையை வைத்திருக்கிறது. ஏன் செய்தார்கள் என்று விளங்குகிறது, பின்னால் அவள் கையில் ஊசி குத்தும் காட்சி வரும்போது முதல் காட்சி ஞாபகம் வர வேண்டும், கண்ணால் பார்க்கிற கலைக்கு அது நல்ல முடிச்சுத்தான். பிள்ளைகளுக்கும் உடனே பிடிபட்டது. ஆனாலும் இதனால் ஹன்னாவே வேறு ஆளாகிவிடுகிறாள். படத்து ஹன்னாவுக்குப் பழைய கதை தெரியாது, அக்கறையும் இல்லை, ஆகவே அவளுக்குப் பாடம் படிப்பிக்கக் காலம் அவளைப் பின்னால் கொண்டுபோகிறது. புத்தகத்து ஹன்னாவுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம், அலுத்துப்போன பிள்ளையை என்ன செய்வது? யோலன் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தபடியால்தான் இந்த நாவல் எனக்குப் பெரியது. எங்கள் பிள்ளைகள் இரண்டாவது வகை. போரும் சுனாமியும் காணாமற்போனவர்களும் இவர்கள் சோற்றோடு கேட்டு வளர்ந்த பேச்சு. படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் தரம் 10 பிள்ளை ஒருத்தி, “இவவுக்கு வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லையா மிஸ்?” என்று கேட்டாள். அவளுக்கு அது நம்பவே முடியாமல் இருந்தது.

இரண்டாவது மாற்றம் ரிவ்கா. படத்தில் ஹன்னாவின் வயதுச் சிநேகிதி, உறவுக்காரி, ஊரிலிருந்தே கூட வருகிறவள். இரண்டு பெண்களுக்கு நடுவில் வளரும் அன்பை நிதானமாகக் காட்ட இது இடம் கொடுக்கிறது, அதற்காக நன்றி. புத்தகத்தில் ரிவ்கா பத்து வயதுச் சிறுமி. ஹன்னா முகாமுக்குள் போகும்போது அவள் ஏற்கெனவே அங்கே ஒரு வருடம் உயிரோடு இருந்து பழகினவள். பெரியவர்களுக்கே அவள்தான் வாத்தியார். கஞ்சிக் கோப்பையை எப்படி வைத்துக்கொள்வது, இலக்கத்தில் கிரேக்கர் என்று குறி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் ஏன் நிற்கக் கூடாது (அவர்களுக்கு மற்ற யூதர்கள் பேசும் இத்திஷ் மொழி விளங்காது, கட்டளை விளங்காமல் அடி வாங்குவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் விழும்), ஏன் என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. பத்து வயது வாயில் இந்த விதிகள் வருவதுதான் கொடுமை. அவள் தன் கையிலுள்ள ஜே18202 என்ற இலக்கத்தைக் கணக்குப் போலப் பிரித்துச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஜே யூதர், 1 தனித்து நிற்கும் தான், 8 கிராமத்தில் இருந்த தன் குடும்பம், 2 இப்போது மிஞ்சிய தானும் அண்ணனும், அந்த 0 தன்னைச் சைபர் என்று நினைக்கும் அண்ணன். ஆளை இலக்கமாக்கினால், அவள் இலக்கத்தைத் திரும்பவும் ஆட்களாக்குகிறாள். இதைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

தலைப்பும் அங்கேயிருந்துதான் வருகிறது. இன்றைக்கு உயிரோடு இருந்தால் ஒரு நாள், நாளைக்கும் இருந்தால் இன்னும் ஒன்று, ஒன்றும் ஒன்றும் ஒன்றும். சாத்தானின் கணக்கு. நான் பிள்ளைகளுக்கு எமன் கணக்கு என்று சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டார்கள். படத்தில் நாட்கள் ஓடுகின்றன, ஆனால் இந்த எண்ணுதல் எனக்குக் கேட்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஒரு நாளின் நீளத்தைக் காட்டுவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

முடி வெட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலப்பயணக் கதையைத் திரைக்குக் கொண்டுபோவதில் உள்ள உண்மையான சிக்கல் எனக்கு அங்கேதான் தெரிந்தது. புத்தகத்தில் தலையை மழித்ததும் ஹன்னாவின் நினைவும் முடியோடு சேர்ந்து போய்விடுகிறது. நியூயோர்க்கும் பாடசாலையும் தம்பியும் மங்கிப்போய் அவள் ஹாயாவாகவே ஆகிவிடுகிறாள். நினைவு வேண்டாம் என்றவளிடமிருந்து நினைவு பறிபோகிறது. அவள் மறந்துவிட்டாள், ஆனால் வாசிக்கிற எனக்கு மறக்கவில்லை, அவளுக்காக நான் நினைவு வைத்திருக்கிறேன், அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் ‘பிள்ளை, நீ ஹன்னா, உனக்கு ஒரு வீடு இருக்கு’ என்று சொல்ல வேண்டும்போல் இருக்கும். எழுத்தில் ஒரு பெயரை மாற்றினாலே இதெல்லாம் நடந்துவிடுகிறது. திரையில் நடிகையின் முகம் மாறாது. மொட்டைத் தலையோடும் அது அந்த அமெரிக்கப் பிள்ளையின் முகம்தான், அவள் மறந்துவிட்டாள் என்பதை முகத்தில் எப்படிக் காட்டுவது? படம் வேறு வழியில் போகிறது. இரவில் படுக்கைப் பலகைகளில் மற்றப் பெண்களுக்கு அவள் கதை சொல்கிறாள், நினைவுதான் அங்கே அவள் கொடுக்கும் சாப்பாடு. அழகான காட்சிகள். பிள்ளைகள் சிரித்ததும் அங்கேதான். எனக்கும் பிடித்தது, ஆனாலும் பறிபோன நினைவு தந்த வலி அதில் இல்லை.

கதவு மட்டும் படத்தில் அப்படியே சரியாக வந்திருக்கிறது. மின்னல் இல்லை, சுழல் இல்லை, கிராபிக்ஸ் இல்லை. ஒரு பெண் எழும்பிப் போய்க் கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான். காலப்பயணத்துக்கு இயந்திரம் வேண்டும் என்று நினைத்திருந்த ஒரு பையன் அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான். இடைவேளையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அவன் கேட்ட கேள்வியால் அரை மணித்தியாலம் போனது: “மிஸ், எங்கட கோட்டைக் கதவத் திறந்தா ஆரு நிப்பாங்க?”

எந்த வருடத்துக்குத் திறக்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன். புளியந்தீவில் வாவிக் கரையில் நிற்கும் அந்தக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் 1602இல் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதியின் கப்பல் இந்தக் கரைக்கு வந்தது. அம்மா காணிக் காரியத்துக்கு ஏறி இறங்கிய கச்சேரிக் கந்தோர் நீண்ட காலம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தது, ஆகவே யாராவது ஒரு பிள்ளை அம்மாவோடு வரிசையில் நின்று அலுத்துப்போய்த் தவறான கதவைத் திறந்தால் போதும், கதை தொடங்கிவிடும். உடனே ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவன் பீரங்கி வேண்டும் என்றான். ஒருத்தி கல்லடிப் பாலம் இல்லாத காலத்துக்குப் போய் (1924க்கு முந்தி) வாவியைத் தோணியில் கடக்க வேண்டும் என்றாள். பேசாமல் இருந்த பிள்ளை ஒன்று, தனக்குக் கோட்டை வேண்டாம், சூறாவளிக்கு முதல் நாள் போதும், அம்மம்மா சொல்லும் தென்னந்தோட்டத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். எங்கள் ஊரில் கெமராவும் ட்ரோனும் வைத்துக் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, இந்தப் படத்தின் கதவுக் காட்சியை ஒருதரம் பாருங்கள். செலவில்லாத காலப்பயணம் அது.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். புத்தகத்தில் காவலன் மூன்று பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கிறான், அதில் ரிவ்காவும் ஒருத்தி. ஹாயா அவளுடைய தலைத்துணியை எடுத்துத் தான் கட்டிக்கொண்டு, அவளை ஓடச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பதிலாக உள்ளே நடக்கிறாள். படத்தில் நோயில் இருமும் ரிவ்காவுக்குப் பதிலாகப் போகிறாள். இரண்டிலும் இருட்டு வருகிறது, இரண்டிலும் அவள் விருந்து நடந்த வீட்டில் கண் திறக்கிறாள். அப்புறம்தான் தெரிகிறது, இத்தனை வருடம் மேசையில் பக்கத்தில் இருந்த ஏவா அத்தைதான் அந்த ரிவ்கா. புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. கத்துகிற தாத்தாதான் அந்த அண்ணன், தன்னைச் சைபர் என்று நினைத்த வொல்ஃப். முகாமில் அவனுக்குக் கொடுத்த வேலை பிணம் சுமப்பது. அந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது என்று விளங்கிய பக்கத்தில் நான் அம்மம்மாவின் அறைக்குப் போய்ப் பக்கத்தில் படுத்தேன், என்ன என்று அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படம் ரிவ்காவோடு நின்றுவிடுகிறது. அந்த அண்ணன் என் மனதில் இருந்தபடியால் படம் முடிந்த இடம் எனக்குக் கொஞ்சம் வெறுமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

வாங்கலாமா, பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பார்க்கலாம், கட்டாயம். பதின்மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், இரத்தம் அதிகம் இல்லை ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் இடங்களைச் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், எங்கள் ஊரில் சில பெரியவர்களும் தாங்க மாட்டார்கள், ஆகவே முன்னமே சொல்லிவிட்டுப் போடுங்கள். தனியே பார்க்க விடாதீர்கள். படத்தை மட்டும் காட்டினால் எல்லா முகாமிலும் கையில் இலக்கம் குத்தினார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், அது அவுஷ்விட்ஸ் முகாமில் மட்டும் நடந்தது, நாவலின் முகாம் பல முகாம்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்று. யோலனே கடைசிப் பக்கங்களில் எது உண்மை, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்களை விட்டுவிடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

புத்தகம், படம், இரண்டில் ஒன்றுதான் என்றால் புத்தகம். இரண்டும் கிடைத்தால் நான் இப்போது செய்கிற ஒழுங்கு இது. ஹன்னா கதவைத் திறக்கும்வரை புத்தகத்தில் தமிழில் சொல்லி வாசிப்பது, அந்த அலுப்பு பிள்ளைகளுக்குப் பிடிபட வேண்டும். பிறகு படம் முழுக்க. படம் முடிந்ததும் லைட்டைப் போடாமல் ரிவ்காவின் இலக்கக் கணக்கையும் தாத்தா யார் என்பதையும் சொல்வது. அன்றைக்கு எனக்கு இந்த ஒழுங்கு தெரியவில்லை, படம் முடிந்த உடனே லைட்டைப் போட்டுவிட்டேன், பிள்ளைகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போய்விட்டார்கள். ஏறாவூரில் ஒரு வட்டம் அடுத்த மாதம் இந்தப் படத்தைப் போடக் கேட்டிருக்கிறது, அங்கே இப்படித்தான் செய்யப் போகிறேன். எங்கள் கிழிந்த பிரதி இப்போது, “இவவுக்கு வீட்டில ஒருத்தரும் சொல்லல்லையா” என்று கேட்ட பிள்ளையிடம் இருக்கிறது. அகராதியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.